19-ஆம் நூற்றாண்டு முன்னோரைத் தேட எந்த ஏட்டை முதலில் புரட்டுவது?

1880-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் கூலிக்கு உழுதவரின் பெயர் அந்த ஊர்க் கணக்கு எதிலும் இருக்க வாய்ப்பில்லை. அவருடைய தம்பி சென்னையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியிருந்தால் கதை வேறு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், முழங்காலில் உள்ள தழும்பு என்று எல்லாம் ஒரே வரியில் எழுதப்பட்டு இன்றும் டர்பனில் இருக்கும். அண்ணனை எழுதிவைக்க யாருக்கும் அவசியம் இல்லை. தம்பியைக் கணக்கு வைக்காவிட்டால் கரும்புத் தோட்டக்காரனுக்கு நஷ்டம்.

முன்னோர் தேடலில் இந்த ஒரு வேறுபாடுதான் வழியைத் தீர்மானிக்கிறது. நம் ஆளை எழுதிவைக்க யாருக்குக் காரியம் இருந்தது? வரி வாங்கியவனுக்கா, நிலம் வாங்கியவனுக்கா, ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்கா, கப்பலேற்றிய ஏஜெண்டுக்கா, பிரெஞ்சு அதிகாரிக்கா? விடை எதுவோ அந்த ஏட்டில்தான் தொடங்க வேண்டும்.

முதலில், தொட வேண்டாத இரண்டைச் சொல்லிவிடலாம். ஒன்று சென்சஸ். பிரிட்டனில் 1841 முதல் வீட்டுவாரியாகப் பெயர்ப் பட்டியல் கிடைப்பதால், இங்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று நம்பிப் பலர் அலைகிறார்கள். இந்தியாவில் 1871-லும் 1881-லும் வீடு வீடாக எழுதினார்கள். ஆனால் கூட்டிக் கணக்கெடுத்ததும் அந்தப் படிவங்களை வைத்துக்கொள்ளவில்லை. மிஞ்சியவை சாதிவாரி, தாலுகாவாரி எண்ணிக்கைகள் மட்டுமே. இன்னொன்று பிறப்புப் பதிவேடு. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் குழந்தையின் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். 'ஆண்' அல்லது 'பெண்', தகப்பன் பெயர், அவ்வளவுதான். இந்த ஏட்டில் உருப்படியானது இறப்புப் பகுதி. 1905-ல் 'வயது 60' என்று ஒரு வரி இருந்தால் 1845 வாக்கில் பிறந்தவர் ஒருவர் கைக்கு வந்துவிட்டார். வயதைப் பத்துக்குப் பத்தாக உருட்டி எழுதியிருப்பார்கள், ஆகவே முன்னே பின்னே ஏழெட்டு வருடம் விட்டுப் பிடிக்க வேண்டும்.

நிலம் இருந்த குடும்பம்: பத்திரமா, செட்டில்மெண்ட் ஏடா, இனாம் ரிஜிஸ்டரா?

மூன்றும் நிலத்தைப் பற்றியவைதான். ஆனால் தரும் தகவல் வேறு வேறு.

தலைமுறைச் சங்கிலி கட்டப் பத்திரத்தை மிஞ்ச எதுவும் இல்லை. ஆவணப் பதிவு 1865 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. எழுதிக்கொடுப்பவரும் வாங்குபவரும் தகப்பன் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது பதிவுச் சட்டத்திலேயே இருப்பதால், ஒவ்வொரு பத்திரமும் குறைந்தது இரண்டு தலைமுறையைக் கட்டிப்போடுகிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது: அண்ணன் தம்பிகள், இறந்துபோன சகோதரனின் மைனர் பிள்ளைகள், அவர்களுக்குக் கார்டியனாக நிற்கும் தாய், 'நமது பாட்டனார் சம்பாத்தியமான' என்று தொடங்கும் வரலாறு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். 1900-க்கும் 1940-க்கும் இடைப்பட்ட ஒரு பாகப்பிரிவினையே 19-ஆம் நூற்றாண்டுக்குள் நுழைய நல்ல வாசல்.

பத்திரத்தில் பலர் வாசிக்காமல் தாண்டிவிடும் பகுதி நான்கெல்லை. 'ராமசாமி நிலத்துக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு வடக்கு, குப்புசாமி வகையறா நிலத்துக்கு மேற்கு' என்று வரும் இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். பூர்வீக நிலம் பங்கு பிரியும்போது நீளவாக்கில் கீற்றுக் கீற்றாகப் பிரியும்; ஆகவே எல்லையில் நிற்கும் ராமசாமியும் குப்புசாமியும் பல சமயம் பங்காளிகளே. அவர்களுடைய பத்திரத்தை எடுத்தால், நம் பத்திரம் சொல்லாத பாட்டன் பெயர் அதில் இருக்கக்கூடும். சாட்சிக் கையெழுத்தும் அப்படித்தான். தாய்மாமனும் மைத்துனனும் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள்.

எடுப்பது எப்படி? வீட்டில் இருக்கும் தாய்ப்பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு பத்திரமும் தன் முன்பத்திரத்தின் எண்ணையும் வருடத்தையும் சொல்லும். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று இவ்வளவு பழைய காலத்தை எட்டாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போட்டுக் கையால் புரட்டவேண்டும். பெயர்வாரி அட்டவணை ஒன்று, சொத்துவாரி அட்டவணை ஒன்று என இரண்டு உண்டு. சொத்துவாரி அட்டவணையில் ஊரைப் பிடித்து இறங்குவது நல்லது. முத்துசாமி என்ற பெயரைப் பெயர்வாரியில் தேடினால் தாலுகாவில் பாதிப் பேர் வருவார்கள். 1 புத்தகம் எனப்படும் அசையாச் சொத்துப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில்கள் 3 புத்தகத்தில் இருக்கும்; எழுதியவர் இறந்துவிட்டால் அதன் நகலும் எவர்க்கும் கிடைக்கும். மற்ற ஆவணங்கள் உள்ள 4 புத்தகம் மட்டும் எழுதிக்கொடுத்தவருக்கும் உரிமை கோருபவருக்கும்தான். உயிலை ஏனோ பலர் கேட்பதே இல்லை. பிள்ளையில்லாத பெரியப்பாவின் உயிலைப் போல உறவுமுறையை விளக்கமாகச் சொல்லும் ஆவணம் குறைவு.

இதில் தவறு நடக்கும் இடம் எல்லை மாற்றம். இன்று ஒரு சார்பதிவகத்தில் இருக்கும் ஊர் 1890-ல் இன்னொன்றில் இருந்திருக்கும். 'இங்கே அந்த வருட வால்யூம் இல்லை' என்றால் ஏடு அழிந்துவிட்டது என்று பொருளல்ல. அந்த ஊர் எந்த வருடம் எங்கிருந்து வந்தது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் ஏடு வேறு ரகம். ரயத்துவாரி ஊர்களில், அதாவது அரசு இடைத்தரகர் இல்லாமல் பட்டாதாரரிடமே தீர்வை வாங்கிய ஊர்களில், 1860-களில் தொடங்கிய அளவை, தஞ்சாவூர் போன்ற இடங்களுக்கு 1890-களில்தான் வந்தது. சர்வே எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று ஊர் முழுவதையும் ஒரே புத்தகத்தில் பார்க்கலாம் என்பது அதன் பலம். தகப்பன் பெயர் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் நிற்பது பலவீனம். அதைவிடப் பெரிய கண்ணி, செத்தவர் பேரிலேயே பட்டா ஓடிக்கொண்டிருப்பது. 1895 ஏட்டில் பெயர் இருக்கிறது என்பதை வைத்து அந்த வருடம் அவர் உயிரோடு இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது. இருபது வருடம் முன்பே காரியம் முடிந்திருக்கலாம். கூட்டுப் பட்டாவில் வரும் நாலைந்து பெயர்கள்தான் இந்த ஏட்டின் உண்மையான லாபம். பத்திரத்தை வைத்துச் சங்கிலி கட்டிவிட்டு, பங்காளிகள் யார் யார் என்று சரிபார்க்க இதற்கு வருவது சரியான வரிசை.

பழைய பத்திரங்களில் பைமாஷ் எண் இருக்கும். அது செட்டில்மெண்ட்டுக்கு முந்தைய அளவையின் எண். பைமாஷ் எண்ணுக்கும் பழைய சர்வே எண்ணுக்கும், பழையதற்கும் இன்றைய எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பதிவு இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது. 1980-ல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கிராமக் கணக்குகள் தாலுகா ஆபீஸுக்கு வந்தன. எல்லாம் வரவில்லை என்பது ஊரறிந்த ரகசியம். தாலுகாவில் வாய்மொழியாகக் கேட்டால் 'பழசு எதுவும் இல்லை' என்ற பதில் எளிதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, ஊர் பெயர், பிர்க்கா (வருவாய் உள்வட்டம்), சர்வே எண், ஏட்டின் பெயர் நான்கையும் குறிப்பிட்டுக் கேட்டால் 30 நாளில் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். 'எங்கள் பூர்வீக நில விவரம் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் நிராகரிக்கச் சௌகரியம் செய்து கொடுத்தது நாம்தான்.

ஜமீன் ஊர்க்காரர்கள் செட்டில்மெண்ட் ஏட்டைத் தாண்டிவிடலாம் என்றே சொல்ல வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்களில் ரயத்துவாரி செட்டில்மெண்ட் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. 1880-ஐச் செட்டில்மெண்ட் ஏட்டில் தேடுவது வீண். பதிவுப் பத்திரமும் கோர்ட்டுத் தீர்ப்பும்தான் அங்கே வழி.

மூன்றாவது, இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். வரி நீக்கியோ குறைத்தோ கொடுத்த மானிய நிலம் அனுபவித்த குடும்பமென்றால் இதை முதலில் பாருங்கள். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன், 1860-களில் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதியது. யார் கொடுத்தது, முதலில் வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதல்வருக்கு என்ன உறவு என்றெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 1862-ல் விசாரணை, அனுபவிப்பவர் வயது 45, முதலில் பெற்றவருக்குப் பேரன். அனுபவிப்பவர் 1817 வாக்கில் பிறந்தவர். பாட்டன் 18-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர். பத்திரப் பதிவு தொடங்குவதற்கு முன்பே மூன்று தலைமுறை ஒரே பக்கத்தில் வந்துவிட்டது. இது பிராமணர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோயில் மேளக்காரர், தேவதாசிக் குடும்பம், பள்ளிவாசல் ஊழியம், கிராமத் தொழிலாளர் என ஊழிய மானியம் பெற்றவர்கள் பலர் இதில் இருக்கிறார்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஊர், பழைய தாலுகா, பழைய மாவட்டம் கொடுத்து நகல் கேட்கலாம். உரிமையைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன வாக்குமூலம் இது என்பதை மறக்க வேண்டாம். 'நினைவுக்கெட்டாத காலமாக அனுபவம்' என்பது அந்தக் காலத்து வக்கீல் பாஷை.

கிறிஸ்தவக் குடும்பம்

கோயில் (சர்ச்) ஏடு இருந்தால் நிலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தாய் தகப்பன், ஞானப் பெற்றோர் எல்லாம் அன்றன்றே எழுதப்பட்டவை. பல வருடம் கழித்து நினைவிலிருந்து சொன்னவை அல்ல. பெண்களின் பெயர் ஒழுங்காகக் கிடைப்பதும் இங்கேதான். பத்திரத்தில் 'இன்னார் பெண்சாதி' என்று மறைந்துபோகும் பாட்டி, திருமணப் பதிவேட்டில் தன் தகப்பன் பெயரோடும் ஊரோடும் நிற்பார்.

கத்தோலிக்க ஏடுகள் லத்தீனில் இருக்கும். வீட்டில் சொல்லும் பெயரை அதில் அப்படியே தேடினால் கிடைக்காது. அருளப்பன் ஜொவான்னெஸ் ஆகவும், ராயப்பன் பெத்ருஸ் ஆகவும், சின்னப்பன் பவுலுஸ் ஆகவும், சூசை ஜொசெபுஸ் ஆகவும் எழுதப்பட்டிருப்பார்கள். அத்தை மகள், மாமன் மகள் கல்யாணத்துக்குத் திருச்சபை விலக்கு வாங்க வேண்டும் என்பதால், அந்தக் குறிப்பு திருமணப் பதிவில் இருக்கும். 'இரண்டாம் படி இரத்த உறவு' என்று கண்டால் மணமகனுக்கும் மணமகளுக்கும் பாட்டன் பாட்டி பொது என்று பொருள். இரண்டு கிளையை ஒரே குறிப்பு இணைத்துவிடுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் மதுரைப் பக்கம் பதுருவாதோ (போர்த்துக்கீசிய அரசரின் ஆதரவுரிமை) வழிச் சாமியார்களும் இயேசு சபையினரும் ஒரே ஊரில் தனித்தனிக் கோயில் வைத்திருந்தார்கள். ஒரு கோயிலில் இல்லை என்றால் ஊரில் மற்ற கோயில் எது என்று கேளுங்கள். கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபை ஆவணக் காப்பகம் இருக்கிறது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் 1706-ல் தொடங்கியது. அந்த வழிக் குடும்பங்களுக்கு 18-ஆம் நூற்றாண்டு வரைகூட ஆழம் கிடைக்கலாம். பிராட்டஸ்டன்ட் ஏடுகளில் வயது வந்தவரின் ஞானஸ்நானத்தைத்தான் முதலில் தேட வேண்டும். பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒரே இடம் அது. அந்த வரியைத் தவறவிட்டால் குடும்பம் வானத்திலிருந்து குதித்தது போலத் தோன்றும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னை மாகாணச் சர்ச்சுப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் உரியவை. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தார் அங்கே தொடங்குவது வீண் அலைச்சல்.

புதுச்சேரி, காரைக்கால்

பிரெஞ்சு ஆட்சியின் சிவில் பதிவு, இந்த ஒப்பீட்டில் உள்ளவற்றிலேயே வீட்டிலிருந்தபடி பார்க்க எளிதானது. பிரான்சில் எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த ஆவணக் காப்பகம், பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைப் படங்களாகவே இணையத்தில் வைத்திருக்கிறது, கட்டணம் இல்லை. பிரெஞ்சு தெரியாவிட்டாலும், ஒரே அச்சில் வார்த்த வாசகம் என்பதால் பத்துப் பதிவுகளை எழுத்துக் கூட்டிப் படித்தால் பதினொன்றாவது புரிந்துவிடும். எண்கள் சொல்லில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து நூறு வரை பிரெஞ்சில் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1881 செப்டம்பர் 21 ஆணையின்படி தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைப் பின்னோக்கித் தேடினால் 1881-ல் சுவர் வந்துவிடும். துறப்புப் பத்திரத்தில் பழைய பெயர் இருக்கும். அங்கிருந்துதான் தாண்ட வேண்டும்.

கப்பலேறியவர்கள்

தென்னாப்பிரிக்கா, மொரிசியஸ், ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் குடும்பங்களுக்கு நிலப் பதிவுகளில் தொடங்க வேண்டிய தேவையே இல்லை. நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. அந்த எண்தான் சாவி. பெயர் பத்து விதமாக மாறும், எண் மாறாது. பழைய திருமணச் சான்றிதழிலும் இறப்புச் சான்றிதழிலும் அந்த எண் எழுதப்பட்டிருக்கும், பிள்ளைகளின் பதிவில் தாய் தகப்பனின் எண் இருக்கும். ஆகவே தாத்தாவின் சான்றிதழ், அதிலிருந்து எண், எண்ணிலிருந்து கப்பல் பட்டியல், அதிலிருந்து ஊர் என்ற வரிசையில் போங்கள். பெயரிலிருந்து நேராகக் கப்பலுக்குப் போனால் ஐம்பது வீராசாமிகளில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க நேரும்.

மொரிசியஸ் பதிவுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கும் எண் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவர்களுக்குப் புகைப்படமும் கிடைக்கலாம். பிரெஞ்சுத் தீவுகளில் எழுத்துக்கூட்டல்தான் தலைவலி. 'உ' ஒலிக்கு ஓ, யு என இரண்டெழுத்துப் போடுவார்கள். முத்துசாமியை எம், ஓ, யு என்று தொடங்கித் தேட வேண்டும். வீரப்பன் விராப்பின் ஆகியிருப்பார்.

ஊர் பெயர் கிடைத்ததும் பாதி வேலை முடிந்ததென்று நினைத்து விமானச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். வட ஆற்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்று பட்டியலில் இருந்தால் அது இன்றைய ஆந்திரம். சித்தூர் 1911-ல்தான் தனி மாவட்டமானது. புதூர், நல்லூர் என்ற பெயரில் ஊர்கள் ஏராளம், தாலுகா இல்லாமல் முடிவு கட்டக் கூடாது. சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று இருந்தால் கேரளம் என்று பொருள் கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து ஆங்கிலேயர் தமிழரை அப்படித்தான் எழுதினார்கள்.

இலங்கை மலையகக் குடும்பங்களுக்கு இந்த வசதி கிடையாது. கங்காணி (ஊரில் ஆள் சேர்க்கும் மேஸ்திரி) கூட்டிப்போன ஆட்கள் ஒப்பந்தக் கூலிகள் அல்ல என்பதால், நேட்டால் போன்ற ஆள்வாரிப் பட்டியல் 19-ஆம் நூற்றாண்டுக்கு இல்லை. தோட்டத்துப் பதிவு, கோயில் ஏடு, ஊர் பற்றிய வாய்மொழி இவைதான் மிச்சம்.

எந்த ஏடானாலும் சறுக்கும் இடங்கள்

பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் முதல் கண்ணி. முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி, அந்த முத்துசாமி மகன் மறுபடி ராமசாமி. 1870 பத்திரத்து 'ராமசாமி மகன் முத்துசாமி'யும் 1925 பத்திரத்து 'ராமசாமி மகன் முத்துசாமி'யும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டால் இரண்டு தலைமுறை காணாமல் போகும். இருவரையும் பிரிக்க மனைவி பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடம் அடுத்தது. பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டோடு 590 கூட்டினால் அந்த ஜூலையில் தொடங்கும் ஆங்கில வருடம். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. திருநெல்வேலிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும், 825 கூட்ட வேண்டும்; ஆண்டு தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை உள்ள தேதியென்றால் 824. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருடச் சுற்றைக் கவனிக்க வேண்டும்: பிரபவ என்பது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். 'தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தோம்' என்று வீட்டில் சொல்வார்கள் என்றால் அது 1876; அதற்கு முந்தைய ஊரில் 1876-க்கு முன்னும், புதிய ஊரில் அதற்குப் பின்னும் தேடுங்கள்.

எழுத்தும் பழக வேண்டும். பழைய கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு, காலும் ரகரமும் ஒன்றுபோல. பரப்பளவு ஊருக்கு ஊர் மாறும்: தஞ்சாவூரில் 20 மா ஒரு வேலி, செங்கல்பட்டில் ஒரு காணி 24 மனை, சுமார் 1.32 ஏக்கர்.

நிலமும் இல்லை, கப்பலும் ஏறவில்லை, கோயில் ஏடும் இல்லை என்றால்

இங்கே பொய்யாக நம்பிக்கை கொடுப்பது தவறு. முதலில் சொன்ன தஞ்சாவூர் அண்ணனைப் போன்றவரின் பெயரை 1880-ல் பிடிப்பது அநேகமாக நடக்காது. பின்னால் வந்த ஏடு ஒன்று மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்க விடுகிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்றும் கிராமக் கணக்கில் டி.சி. (டிப்ரெஸ்டு கிளாஸ்) நிலம் என்றும் வருவது அதுதான். குடும்பத்தில் அப்படி ஒரு நிலம் இருந்தது, கைவிட்டுப் போனது என்ற பேச்சு இருந்தால், ஒதுக்கீட்டு ஏட்டோடு நிறுத்தாமல், அந்த நிலத்தை மீட்கப் பிற்காலத்தில் கொடுத்த மனுக் கோப்பையும் கேளுங்கள். வாரிசு என்று நிரூபிக்க முதல் ஒதுக்கீட்டுதாரரிலிருந்து வம்சாவளி எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒதுக்கீட்டின்போது அவருக்கு நாற்பது வயதென்றால், 1850-களில் பிறந்த ஒருவரின் பெயர் அந்தத் தாளின் உச்சியில் இருக்கும்.